பத்தாம் வகுப்பில் தம்பிக்கு மதிப்பெண் குறைவு. ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர்த்தால் எதிர்காலம் உண்டா?

நிச்சயம் உண்டு. ஆனால் எந்த டிரேட் (தொழிற்பிரிவு), எந்த நிலையம், முடித்ததும் எங்கே போவது, இந்த மூன்றையும் சேரும்போதே யோசித்துவிடுங்கள்.

பிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவை 2 ஆண்டுப் படிப்பு. வெல்டர் 1 ஆண்டுதான், எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். சீக்கிரம் சம்பளம் வருமே என்று 1 ஆண்டு டிரேடை எடுப்பவர்கள் பின்னால் டிப்ளமோவுக்கு ஆசைப்படும்போது தவிக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு 2 ஆண்டு ஐடிஐ முடித்தவர்தான் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர முடியும். தம்பிக்குப் படிக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் 2 ஆண்டு டிரேடே சரி.

முதலில் அரசு ஐடிஐக்கு விண்ணப்பியுங்கள். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். தனியார் நிலையம்தான் வாய்த்தது என்றால், அந்த டிரேடுக்கே மத்திய அரசின் அங்கீகாரம் (என்சிவிடி என்பார்கள்) இருக்கிறதா என்று பாருங்கள். நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட டிரேடுக்கு இல்லாமல் போகலாம்.

பையன்கள் சறுக்குவது பெரும்பாலும் வொர்க்‌ஷாப்பில் இல்லை, வரைபடத்திலும் தொழிற்கணக்கிலும்தான். "கைவேலைதானே" என்று அந்த இரண்டு வகுப்பையும் தட்டிக்கழிப்பவர்கள் பின்னால் கம்பெனியில் டிராயிங்கைப் பார்த்து விழிப்பார்கள். உண்மையில் பள்ளியில் கணக்கு வராத பையனுக்கு அது பிடிபடுகிற இடமே இதுதான். பிட்டர் டிரேடில் ஒரு இரும்புப் பட்டையை அரத்தால் ராவிச் செங்கோணமாக்கச் சொல்வார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், முதல் வாரங்களில் நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் இருக்கும். அரம் கையில் ஆடுவதுதான் காரணம். தள்ளத் தொடங்கும்போது நுனியைப் பிடித்த இடதுகையில் அழுத்தம், நடுவில் இரண்டு கைக்கும் சமம், முடிவில் பிடியிலுள்ள வலதுகைக்கு மாற வேண்டும். பின்னுக்கு இழுக்கும்போது அழுத்தவே கூடாது. அந்தப் பட்டையை வெர்னியர் அளவுகோலில் 0.02 மி.மீ. வரை நுட்பமாக அளந்து, வரைபடத்தில் போட்டிருக்கும் ±0.04 மி.மீ. வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தவனுக்குத் தசமப்புள்ளி என்றால் என்னவென்று மறுபடி சொல்லித்தர வேண்டியதில்லை. "எனக்குப் படிப்பு ஏறாது" என்று பள்ளியில் ஒட்டிக்கொண்ட எண்ணம் அங்கேதான் கழன்று விழுகிறது. ஒரு பதினாறு வயதுப் பையனுக்குச் சம்பளத்தைவிட இதுதான் பெரிது என்பது என் உறுதியான கருத்து.

ஐடிஐ படிப்போடு தமிழ், ஆங்கில மொழித்தாள்களையும் எழுதித் தேர்ச்சி பெற்றால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் வாங்கலாம். பலர் இதைக் கேள்விப்படுவதே இல்லை. சேர்ந்ததுமே அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

முடித்ததும் கிடைக்கிற வேலைக்கு ஓடாமல் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு (நிறுவனத்திலேயே வேலை பழகும் பயிற்சி) போகச் சொல்லுங்கள். சென்னை ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பெல் (BHEL) போன்ற நிறுவனங்கள் எடுக்கின்றன. சில இடங்களில் 'டிரெய்னி' என்ற பெயரில் சேர்த்துக்கொண்டு, 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவே செய்யமாட்டார்கள். பதிவு இல்லையென்றால் எத்தனை மாதம் உழைத்தாலும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்காது. அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒப்பந்தம் மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் ஏறிவிட்டதா என்று தம்பியே தன் கணக்கில் நுழைந்து பார்க்கட்டும்.