பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் கொண்டுவந்த அன்றைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவை யாழ்ப்பாணத்துக் கிழவர்கள் சிலர் ஏன் இன்னும் புகழ்கிறார்கள்?

நீங்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வளர்ந்தவராக இருக்க வேண்டும். யாரோ ஒரு பெரியப்பா "சிறிமா காலம்தான் காலம்" என்று சொல்லி உங்களைக் குழப்பியிருப்பார். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னவர் என் அப்பா.

எங்களுக்கு உரும்பிராயில் செம்பாட்டுத் தோட்டம். 1970 இல் வந்த சிறிமா அரசு வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததும் தோட்டக்காரனுக்கு அடித்தது யோகம். கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த அப்பா இறைப்பு மெசின் வாங்கினார், மண்வீடு கல்வீடானது, மாமியின் சீதனமும் வெங்காயத்தில்தான் வந்தது. அதே அரசுதான் தரப்படுத்தலையும் கொண்டுவந்தது. பொறியியலுக்குச் சிங்களத்தில் எழுதினால் 227 புள்ளி போதும், தமிழில் எழுதினால் 250 வேண்டும். சித்தப்பா எடுத்தது 241. கூரை வளை முழுக்கப் பிடி பிடியாகத் தொங்கும் விதை வெங்காயம், அதற்குக் கீழே சாய்மனைக் கதிரையில் கம்பஸ் கிடைக்காத சித்தப்பா, இதுதான் எங்கள் வீடு.

1977 இல் ஊரோடு சேர்ந்து அப்பாவும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்குத்தான் போட்டார். அப்புறம் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன இறக்குமதியைத் திறந்துவிட்டார், மிளகாய் விலை விழுந்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் சிறிமாவின் கட்சிக்கு நின்றவர் அவருடைய பழைய விவசாய அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவ. யாழ் மாவட்டத்தில் தமிழ்க் காங்கிரஸ் குமார் பொன்னம்பலத்துக்கு அடுத்ததாக, ஜே.ஆரையே முந்திக்கொண்டு வந்தார் மனுசன். (முந்தின வருடம் ஜே.ஆர். ஆட்சியில் யாழ் நூலகத்தை எரித்த கோபமும் அதில் இருந்தது, மறுக்கவில்லை.) அந்த வாக்குகளில் ஒன்று அப்பாவுடையது.

வாக்குப் போட்டுவிட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றவரிடம் சித்தப்பா, "வெங்காயத்துக்காக என்ர படிப்பை மறந்திட்டியள் என்ன அண்ணை" என்றார்.

"தங்கச்சியின்ர சீதனத்தை நீயோ குடுத்தனி?"

மாரி முடியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

வெங்காயத்துக்கு இனத்தை விற்றவர் என்று எழுதப் போகிறவர்கள் ஒரு நாள் துலா மிதித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மன்னார், வவுனியாப் பிள்ளைகள் மாவட்ட ஒதுக்கீட்டால் படித்தார்களே என்று வருகிறவர்களுக்கும் ஒன்று: அது 1974 இல் வந்தது, அவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மைதான், நான் சொல்வது அதற்கு முந்தியதை.

இவ்வளவும் கதைக்கிற நாங்கள் இன்றைக்கு வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனால் நூறு கிலோவில் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று வெட்டிவிட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு தருகிறார்கள். ஏனென்று கேட்டால் காலாகாலமாக அப்படித்தானாம். இதைத் தட்டிக் கேட்டு முடிவு கட்டிய கட்சிக்காரன் ஒருத்தனையும் நான் காணவில்லை.

என் மகன் 2024 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டான். யாழ்ப்பாணத்தில் ஆறு இடத்தில் மூன்றை அவர்கள் எடுத்தார்கள். அதை நடத்துவது, இணைந்திருந்த வடக்கு கிழக்கு மாகாணங்களைப் பிரிக்க 2006 இல் வழக்குப் போட்டு வென்ற ஜே.வி.பி.தானடா என்றேன். "அப்பா, நான் அப்ப நேசரி" என்றான்.

சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை.