தீசிஸுக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றித் தீசிஸ். கிராமம் கிராமமாகப் போய்த் தகவல் எடுத்து முடித்துவிட்டேன். கைடு 'மாடர்ன் எபிடெமியாலஜி' என்ற நோய்ப் பரவலியல் புத்தகத்தை வாங்கச் சொல்கிறார். சீனியர்களோ ஹாஸ்மர், லெமஷோ எழுதிய லாஜிஸ்டிக் ரெக்ரஷன் புத்தகம் போதும் என்கிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். 'மாடர்ன் எபிடெமியாலஜி' நல்ல புத்தகம்தான். ஆனால் துறைக்குள் ஏற்கெனவே இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் புரட்டுவது அது. ஆறு மாதத்தில் தீசிஸ் கொடுக்க வேண்டியவர் அதில் மூழ்கினால் கரையேறுவது சிரமம்.

சீனியர்கள் சொன்னதில் வேறு சிக்கல். ரத்தசோகை இருக்கிறதா, இல்லையா என்பதுதான் உங்கள் கேள்வி என்பதால், 'ஆம்/இல்லை' விடைகளுக்கான புள்ளியியல் முறையான லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்கிறார்கள். அதில் கிடைப்பது ஆட்ஸ் ரேஷியோ: ஒரு குழுவில் நோய் உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்து, அதை மற்றக் குழுவின் அதே கணக்கால் வகுப்பது. அரிதான நோய் என்றால் அதை 'இத்தனை மடங்கு' என்று படிப்பதில் பெரிய பிழை வராது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாதவர்களில் 60 சதவீதம், சாப்பிட்டவர்களில் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் ஒன்றரை மடங்கு. ஆட்ஸ் ரேஷியோவோ 2.25 காட்டும். அதை அப்படியே 'இரண்டேகால் மடங்கு ஆபத்து' என்று எழுதிவிட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்குத் தேவை பாதிப்பு விகிதங்களின் ஒப்பீடு. அதற்குப் பாய்சான் ரெக்ரஷனை, திருத்திய ஸ்டாண்டர்ட் எரருடன் (மதிப்பீடு எவ்வளவு பிசகலாம் என்ற அளவு), பலரும் பயன்படுத்துகிறார்கள்.

அதனால் என் தேர்வு, கிர்க்வுட்டும் ஸ்டெர்னும் எழுதிய 'எசென்ஷியல் மெடிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', 2003 பதிப்பு. விகிதங்களை ஒப்பிடுவது, லாஜிஸ்டிக், பாய்சான் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஒரே கிராமத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்களே, அந்தக் கிளஸ்டர் சிக்கலுக்கும் தனி அத்தியாயம் உண்டு. உங்கள் கள வேலைக்கு அது முக்கியம். பழைய பிரதி கிடைத்தாலும் வாங்கலாம், கணக்கு மாறிவிடாது.

வாங்குமுன் ஒரு வேலை: தீசிஸின் முக்கிய அட்டவணையை எண்கள் இல்லாமல் வரைந்துகொண்டு, அதை நிரப்பும் வழி புத்தகத்தில் இருக்கிறதா என்று நூலகத்தில் பாருங்கள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராம் என்ற ரத்தசோகை வரம்புக்குக் கீழா மேலா என்று பிரிக்காமல் அளவாகவே வைத்தால் சாதாரண லீனியர் ரெக்ரஷனே போதும். சொல்லப்போனால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

கைடு வருத்தப்படுவாரே என்றால், அவர் சொன்ன புத்தகத்தில் கன்ஃபவுண்டிங் (வேறொரு காரணி குறுக்கிட்டு முடிவைக் குழப்புவது) பற்றிய பகுதியை மட்டும் நூலகத்தில் படித்து, டிஸ்கஷனில் மேற்கோள் காட்டிவிடுங்கள். அவருக்கும் திருப்தி, உங்களுக்கும் அது உண்மையாகவே உதவும்.