புளித்த மண்ணும் கன உலோகங்களும்: குமரி விவசாயிகளின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மண்ணில் மிஞ்சினால் பயிருக்கோ மனிதருக்கோ கெடுதல் செய்யும் ஈயம், காட்மியம், தாமிரம் போன்ற கன உலோகங்களைப் பற்றியவை. மேட்டுநில விளைக்காரரும் நெல்வயல் ஏலாக்காரரும் ஒரே பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உங்களில் சிலருடைய பயம் நியாயமானது, சிலர் பயப்படவே தேவையில்லை. எது எது என்று பார்ப்போம்.

மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியானால் என் வயலில் கன உலோகம் இல்லைதானே? (திருப்பதிசாரம்)

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அட்டையில் 12 அளவுகள் இருக்கும். அவற்றில் துத்தநாகமும் தாமிரமும் உண்டு. ஆனால் பயிருக்கு அவை போதுமா என்றுதான் அந்தப் பரிசோதனை பார்க்கிறது. ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் எதுவும் அதில் வராது. அவற்றுக்கு மண்ணை அமிலத்தில் கரைத்து, அதற்கென உள்ள கருவியில் தனியாக அளக்க வேண்டும். செலவு கூடுதல். எல்லோருக்கும் இது தேவையில்லை. குப்பைக்கிடங்கு, ஒர்க்‌ஷாப், பழைய பேட்டரி உடைக்கும் இடம், சாக்கடை கலந்த வாய்க்கால் ஆகியவற்றின் பக்கத்தில் நிலம் இருப்பவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

மண் எடுக்கும்போது வயலில் 10 முதல் 15 இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்து, கடைசியில் அரைக் கிலோ போதும். துருப்பிடித்த மண்வெட்டியும் துத்தநாகம் பூசிய வாளியும் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள்.

அதே அட்டையில் கார அமில நிலை என்று ஓர் எண் இருக்கிறதே, அதை முதலில் பாருங்கள். நம் மாவட்டத்தின் செம்மண்ணும் சரளை மண்ணும் பெரும்பாலும் புளித்த மண், அதாவது அமில மண். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்த எண் 5-ஐ ஒட்டி வந்தால், மண்ணில் கொஞ்சமே காட்மியம் இருந்தாலும் அது அவிழ்ந்து வேருக்குள் போகும். 6.5-க்குப் பக்கத்தில் இருந்தால் அதே அளவு காட்மியம் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கிடக்கும். மண்ணில் உள்ள மொத்த அளவைவிட, பயிர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதே எனக்கு முக்கியம்.

ரப்பரை வெட்டிவிட்டு ஏத்தன் (நேந்திரம்) வாழை வைக்கப்போகிறேன். பல வருடம் இலையுதிர்வு நோய்க்குத் தாமிர மருந்து அடித்த நிலம். வாழைப்பழத்தில் விஷம் ஏறுமா? (குலசேகரம்)

நல்ல கேள்வி. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் எண்ணெயில் கலந்து அடித்த காப்பர் ஆக்சிகுளோரைடும், துருசும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் இலையோடு விழுந்து மேல்மண்ணில் தங்கிவிடும். தாமிரம் மழையில் எளிதில் கரைந்து போவதில்லை.

ஆனால் தாமிரத்துக்கு ஒரு குணம் உண்டு. மிஞ்சினால் முதலில் அடிபடுவது பயிரின் வேர்தான். நுனி வேர் கருத்துக் கட்டையாகும், இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இளம் இலை வெளுக்கும், மண்புழு குறையும். பழத்தில் ஏறி நம்மைப் பாதிக்கும் முன்பே வாழை சொல்லிவிடும். காட்மியம் இதற்கு நேர்மாறு. பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும், சாப்பிடுபவரின் சிறுநீரகம்தான் கெடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன நெல்லை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் இட்டாய் இட்டாய் நோய் வந்தது. சுரங்கக் கழிவிலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம்தான் காரணம் என்று 1968-இல் அந்நாட்டு அரசே ஏற்றுக்கொண்டது. அந்த நெல்லைப் பார்த்து யாரும் சந்தேகப்பட்டிருக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: மண்ணின் புளிப்பைக் குறைக்க, மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு டோலோமைட் அல்லது சுண்ணாம்புத்தூள் போட்டு, இரண்டு வாரம் கழித்து மற்ற உரங்களைத் தொடங்குங்கள். குழிக்கு நன்றாக மக்கிய தொழு உரம் இடுங்கள். அது தாமிரத்தைப் பிடித்துவைக்கும். கோழி உரத்தை அளவோடு வையுங்கள். தீவனத்தில் சேர்க்கும் தாமிரமும் துத்தநாகமும் எச்சத்தில் வந்து, இருப்பதோடு கூடும்.

நெல்லில் காட்மியம் ஏறாமல் இருக்க ஏதாவது வழி? (தோவாளை)

உண்டு. வயலில் தண்ணீர் நிற்கும்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். கதிர் வந்த பிறகு வயலைச் சீக்கிரம் வடித்துக் காயவிட்டால் அது மறுபடி அவிழும். கன்னிப்பூவோ கும்பப்பூவோ, எந்த நெல் போகமானாலும் பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீரை அவசரமாக வடிக்காதீர்கள். துத்தநாகம் குறைந்த மண்ணில் பயிர் காட்மியத்தைக் கூடுதலாக எடுக்கும்; அந்தக் குறைபாடு இருந்தால் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடுங்கள். பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்யும் உரங்களோடு கொஞ்சம் காட்மியமும் வரும் என்பதால், மணிச்சத்து (பாஸ்பேட்) உரத்தை வேண்டிய அளவுக்கு மேல் கொட்டாதீர்கள்.

வாய்க்காலில் சாக்கடை கலக்கிறது. அந்தத் தண்ணீரில் கீரை போடலாமா? (நாகர்கோவில்)

வேண்டாம். உலோகத்தை அதிகம் சேர்த்துவைப்பது இலைதான், அடுத்தது கிழங்கு, காயும் பழமும் மிகக் குறைவு. கழுவினால் மேலே ஒட்டிய தூசியும் அதிலுள்ள ஈயமும் போகும், உள்ளே ஏறிய காட்மியம் போகாது. அந்த நிலத்தில் தென்னையோ வாழையோ வையுங்கள்.

நகரக் குப்பை உரம் வாங்கலாமா? (பத்மநாபபுரம்)

பரிசோதனை அறிக்கை காட்டினால் வாங்குங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது. அறிக்கை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

எங்கள் கடற்கரை மணலில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), தேங்காய் சாப்பிடலாமா? (மணவாளக்குறிச்சி)

தாராளமாகச் சாப்பிடுங்கள். உங்கள் ஊர் மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பது 1909-லேயே வெளியுலகுக்குத் தெரிந்த செய்தி. தோரியமும் கன உலோகம்தான்; ஆனால் மோனசைட்டுக்குள் அது பாஸ்பேட்டாக இறுகிக்கிடக்கிறது, தண்ணீரில் கரையாது, வேர் எடுப்பது மிக மிகக் குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது மணலிலிருந்து நேரடியாக வரும் கதிர்வீச்சு. அது தனிப் பொருள். கிழங்கை மண் போகக் கழுவி, தோல் சீவிச் சமைத்தால் போதும்.

பக்கத்து விளையில் பழைய பேட்டரியை உருக்குகிறார்கள். எங்கள் வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. (திருவட்டாறு பக்கம்)

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட உங்கள் கடிதம்தான் என்னைக் கலங்கவைத்தது. பயிரைப் பிறகு பார்க்கலாம். ஈயம் கலந்த மண் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். ஒரு டெசிலிட்டரில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையை அந்தப் பக்க முற்றத்தில் விடாதீர்கள், தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள உணவு கொடுங்கள். பேட்டரியை இப்படி உருக்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

சூரியகாந்தி, கடுகு போட்டால் மண் சுத்தமாகிவிடுமாமே? (கருங்கல்)

கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும், ஆனால் பல வருடம் பிடிக்கும். ஈயத்தை அவ்வளவாக எடுக்காது. செய்து பார்ப்பதென்றால் அறுத்த செடியை மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழியிலும் தள்ளாதீர்கள். எடுத்த உலோகம் சாணத்தோடும் எருவோடும் உங்கள் விளைக்கே திரும்பி வந்துவிடும்.