திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம்: கழிவு மண்ணையும் நில மீட்பையும் பற்றிப் பொது விசாரணையில் எதைக் கேட்க வேண்டும்?

உங்கள் ஊருக்கு அருகில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் வரவிருப்பதாகவும், பொது விசாரணையில் கழிவு மண்ணைப் பற்றியும் நில மீட்பைப் பற்றியும் எவற்றைக் கேட்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சுரங்கத் திட்டமிடலில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், எனக்கு நன்கு பழக்கமான நெய்வேலியை முன்வைத்து விடை சொல்கிறேன். எத்தனை மரக்கன்றுகள் நடுவார்கள் என்று கேட்பதற்கு முன், முதல் வெட்டில் எடுக்கும் மண் எங்கே போகும் என்று கேளுங்கள். நில மீட்பின், அதாவது வெட்டிய நிலத்தை மறுபடி பயன்படும் நிலமாக்குவதன், பெரும்பகுதி அந்த ஒரு முடிவிலேயே அடங்கிவிடுகிறது.

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க 5 கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை, அதாவது நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் முழுவதையும், அகற்ற வேண்டும். சக்கர வாளி இயந்திரங்கள் அதை வெட்டித் தருகின்றன. கன்வேயர் பட்டைகள் சுமந்து செல்கின்றன. மறுமுனையில் ஸ்பிரெடர் எனப்படும் இயந்திரம் அதைப் பரப்பிக் கொட்டுகிறது. சுரங்கம் முன்னேறிய பிறகு, நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்திலேயே மண்ணைத் திரும்பக் கொட்டலாம்; இதுதான் உட்கொட்டல். தொடக்க ஆண்டுகளில் அப்படி ஒரு பள்ளமே இருப்பதில்லை. ஆகவே முதல் வெட்டின் மண் முழுவதும் சுரங்க எல்லைக்கு வெளியே, அதுவரை யாரோ உழுதுகொண்டிருந்த நிலத்தின்மேல் மேடாகக் குவிகிறது. அந்த நிலமும் கையகப்படுத்தும் பரப்பில் சேர்ந்ததுதான். ஆனால் மக்களிடம் பேசும்போது பலரும் சுரங்கப் பரப்பை மட்டுமே சொல்கிறார்கள். வெளிமேட்டுக்கு எத்தனை ஹெக்டேர், எந்தெந்தச் சர்வே எண்கள் என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வெட்டி எடுத்த மண் உப்பும். எவ்வளவு அழுத்தினாலும் பழைய கன அளவுக்கு முழுமையாகத் திரும்பாது. 5.5 கன மீட்டர் மண் நிலையாக 15 சதவீதம் உப்பினால், ஏறக்குறைய 0.8 கன மீட்டர் கூடுகிறது. ஒரு டன் பழுப்பு நிலக்கரி பூமிக்குள் அடைத்திருந்த இடமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எனவே மேல்மண் இவ்வளவு தடிப்பாக உள்ள சுரங்கத்தில், உட்கொட்டல் நடக்கும் பகுதியைப் பழைய மட்டத்துக்கு அருகே கொண்டுவர முடியும். 'நிலக்கரி போய்விட்டது, பள்ளத்தை நிரப்ப மண் இல்லை' என்று யாரேனும் சொன்னால், இந்தக் கணக்கை அவர்களையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதே வேளையில், முதல் வெட்டின் மண்ணை வெளியே வைத்துவிட்டதால், அதற்கு ஈடான ஒரு பள்ளம் கடைசியில் மிஞ்சியே தீரும். அதை ஏரி என்று வரைபடத்தில் நீலமாகத் தீட்டுவது எளிது. அதன் ஆழம் என்ன, கரைச்சரிவு எத்தனை பாகை, நிரம்புவதற்கு நீர் எங்கிருந்து வரும், நீரின் தரம் என்னவாக இருக்கும் என்பனவற்றையும் எழுத்தில் தந்தால்தான் அது திட்டமாகும்.

மேடு எங்கே அமைகிறது என்பது உயிர் சார்ந்த விஷயமும் ஆகும். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்ஃபானில் ஒரு நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்ததில் 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை நீரூற்றுகளின் மேலேயே குவித்திருந்தார்கள். அந்த ஊற்றுகளோ நில அளவைப் படங்களில் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தவை. நம் நாட்டில் 2016 டிசம்பர் 29 அன்று ஜார்கண்டின் ராஜ்மகால் சுரங்கத்தில் மண் சரிந்து 23 தொழிலாளர்கள் மாண்டனர். ஆகவே மேட்டின் அடியில் பழைய ஓடை, ஏரி, களிமண் படுகை ஏதேனும் உண்டா என்பதைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மேட்டின் மொத்தச் சரிவு 28 பாகையைத் தாண்டக் கூடாது என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. மேட்டின் காலடியில் தடுப்புச் சுவர், சுற்றிலும் வடிகால், அதன் முடிவில் வண்டல் படியும் குளம் ஆகியவை முதல் மழைக்காலத்துக்கு முன்பே கட்டப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது வளமண். பயிர் வேர் ஊன்றும் அந்த மெல்லிய அடுக்கைத் தனியாகச் சுரண்டி எடுத்து, தாழ்ந்த குவியல்களாக வைத்து, இயன்றவரை விரைவில் மீட்ட நிலத்தின்மேல் பரப்ப வேண்டும். உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் விட்டால், உள்ளே காற்றில்லாமல் மண்ணுயிர்கள் மடிந்துபோகும். ஆழத்து மண்ணோடு கலந்துவிட்டாலோ பிரிக்கவே முடியாது. நெய்வேலியின் மேல்மண் பெரும்பாலும் கடலூர் மணற்கல் வகையைச் சேர்ந்தது. அதில் கரிமச் சத்து மிகக் குறைவு, நீரும் நிற்காது. அத்தகைய மண் மேலே வந்துவிட்டால், தொழுவுரம், பசுந்தாள் உரம், ஹியூமிக் அமிலம் என்று பல ஆண்டுகள் இட்டுத்தான் அதைப் பயிருக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. வேலியிட்டு யூகலிப்டஸ் நட்ட பரப்பையும், ஒரு விவசாயி நெல்லோ கடலையோ விளைவிக்கக்கூடிய பரப்பையும் ஒரே தலைப்பின்கீழ் 'மீட்கப்பட்டது' என்று காட்டுவதை நான் ஏற்பதில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பணத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, சுரங்கத்தை மூடும் செலவுக்காக நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு பிணைக் கணக்கில் (தன் விருப்பப்படி எடுக்க முடியாத வங்கிக் கணக்கில்) தொகை செலுத்த வேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அன்று ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டார்கள். இந்நெறிகள் பின்னர் திருத்தப்பட்டுள்ளன. செய்து முடித்த மீட்புப் பணியைச் சரிபார்த்த பிறகே அதன் ஒரு பகுதியைத் திரும்பப் பெற முடியும்.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதோடு நிற்காமல் முழு அறிக்கையையும் பாருங்கள். அதில் ஆண்டுவாரியான கட்ட வரைபடங்கள் இருக்கும்: எந்த ஆண்டு எங்கே வெட்டு, எங்கே கொட்டல், உட்கொட்டல் எப்போது தொடங்கும், வளமண் எங்கே காத்திருக்கும் என்பன அவற்றில் தெரியும். உங்கள் கேள்விகளை அந்தப் படங்களின் எண்களைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, அவை விசாரணைக் குறிப்பில் சேர்ந்திருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி குறித்துப் பரிந்துரைக்கும் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் முன் செல்வது அந்தக் குறிப்புதான்.