காமெட் வால் நீண்டால் திடீர்மாற்றம் என்று எழுதலாமா?

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பக்கம் எடுத்த கிணற்று நீரை, புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் சிஎச்ஓ செல்களில் (சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வளர்த்த செல்கள்) சோதித்து வருகிறேன். நீர் மட்டும் கொடுத்தபோது காமெட் வால் (மின்புலத்தில் செல்லிலிருந்து வால்போல் வெளியே இழுபடும் உடைந்த டிஎன்ஏ) சிறியதாகவே இருந்தது. ஹைட்ராக்சியூரியாவும் அரா-சியும் சேர்த்ததும் பல மடங்கு நீண்டது. ‘இந்த நீர் திடீர்மாற்றத்தை (மியூட்டேஷன்) உண்டாக்குகிறது’ என்று ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதலாமா?
— முதுகலை மாணவி, கடலூர்

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் பார்த்தது டிஎன்ஏ இழையில் இருந்த வெட்டுகளை. அவற்றில் பெரும்பங்கு செல்லே போட்டதாக இருக்கலாம்.

டிஎன்ஏவில் பருமனான சேதம் (இழையின் வடிவத்தையே கோணலாக்கும் சேதம்) ஏற்பட்டால், அதைப் பழுதுநீக்க செல் அதன் இருபுறமும் இழையை வெட்டி, சுமார் 30 நியூக்ளியோடைடு (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளத் துண்டை எடுத்துவிட்டு, இடைவெளியைப் புதிதாக நிரப்பி ஒட்டும். ஹைட்ராக்சியூரியா, ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் நொதியைத் தடுத்து, நிரப்பத் தேவையான மூலப்பொருளைக் குறைக்கிறது. அரா-சி, நிரப்பும் நொதியான பாலிமரேஸையே மறிக்கிறது. ஆனால் வெட்டும் நொதிகளை இரண்டுமே தொடுவதில்லை. குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மூடாமலே அடுத்த தெருவுக்குப் போனால் பள்ளங்கள் பெருகுவது போல, வெட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். ஆக, தடுப்பான் சேர்த்தபின் நீளும் வால், பழுதுநீக்கம் தொடங்கியிருக்கிறது என்பதற்கும் சாட்சி.

ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற, புறஊதா ஒளியால் வரும் டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய முடியாத பரம்பரை நோய் உள்ளவர்களின் செல்களைப் பாருங்கள். பெரும்பாலான வகைகளில் அந்த முதல் வெட்டே சரியாக நடக்காது. புறஊதா ஒளி காட்டி இதே தடுப்பான்களைச் சேர்த்தாலும் வால் அவ்வளவாக நீளாது. திடீர்மாற்றமோ சாதாரணச் செல்லைவிட மிக அதிகம். சேதம் அப்படியே கிடப்பதால், இரட்டிப்பின்போது எதிரே தவறான காரம் (டிஎன்ஏவின் ‘எழுத்து’) வந்து உட்கார்ந்துவிடுகிறது. வாலை மட்டும் பார்ப்பவர் இந்தச் செல்லுக்கு நற்சான்றிதழே கொடுத்துவிடுவார்.

அடுத்தது, நீர் இல்லாமல் தடுப்பான் மட்டும் கொடுத்த செல் வளர்ப்புத் தட்டு. உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சிஎச்ஓ ஓயாமல் பிரியும் செல். டிஎன்ஏ இரட்டிப்பில் இருக்கும் செல்களில் இந்த இரண்டு தடுப்பான்களும் நீரின் உதவியே இல்லாமல் வெட்டுகளை உண்டாக்கும். அந்தத் தட்டு இல்லாவிட்டால் ‘பல மடங்கு’ என்பதற்குப் பொருளே இல்லை. பிரியாத ரத்த லிம்போசைட்டுகளில் (ஒருவகை வெள்ளையணுக்கள்) இந்தத் தொல்லை குறைவு. புறஊதா ஒளி காட்டிய தட்டு ஒன்றும் வையுங்கள், தடுப்பான் வேலை செய்கிறதா என்று தெரியும்.

திடீர்மாற்றத்தைத்தான் அளக்க வேண்டும் என்றால், எச்பிஆர்டி சோதனை இருக்கிறது, சிஎச்ஓவுக்கு ஏற்றது. எச்பிஆர்டி நொதி வேலை செய்யும் செல்லில் 6-தயோகுவானின் நஞ்சாக மாறிக் கொன்றுவிடும். அந்த மரபணு கெட்ட செல்தான் பிழைத்துக் காலனியாக வளரும். நீர் கொடுத்த உடனே 6-தயோகுவானினை ஊற்றாதீர்கள். செல்லில் ஏற்கெனவே உள்ள நொதி தீர 7 முதல் 9 நாட்கள் வளர்க்க வேண்டும். தடுப்பான்களை இதில் சேர்க்கவும் வேண்டாம். அவை இரட்டிப்பில் உள்ள செல்களைக் கொன்று கணக்கைக் குழப்பும். ஒரு விஷயம்: சிஎச்ஓவில் பொதுவாக எம்ஜிஎம்டி என்ற பழுதுநீக்கப் புரதம் இல்லை. நீரில் மெத்தில் தொகுதியை ஒட்டும் வேதிப்பொருள் இருந்தால், மனிதச் செல்லில் வருவதைவிட இங்கே அதிகத் திடீர்மாற்றம் வரலாம்.

இதற்கெல்லாம் முன்பு உப்பைப் பார்த்துவிடுங்கள். கடலோரக் கிணறு என்றதும் எனக்கு முதலில் வந்த சந்தேகமே அதுதான். வளர்ப்பு ஊடகத்தின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைந்த உப்பு முதலியவற்றின் செறிவு, வழக்கமாகக் கிலோவுக்கு 280 முதல் 320 மில்லிஆஸ்மோல் வரை. அது வெகுவாக ஏறினால், வேறு நஞ்சு எதுவும் இல்லாமலே குரோமோசோம்கள் உடையும். நீர் கலந்த ஊடகத்தை ஆஸ்மோமீட்டரில் அளந்து, அதே அளவு வரும்வரை சோடியம் குளோரைடு மட்டும் சேர்த்த தட்டு ஒன்றை உடன் ஓட்டுங்கள். இரண்டிலும் வால் ஒரே அளவு என்றால், 6-தயோகுவானின் வாங்கும் செலவு உங்களுக்கு மிச்சம். வித்தியாசம் தெரிந்தாலும், எச்பிஆர்டி முடியும்வரை அறிக்கையில் ‘தடுப்பான்கள் உள்ளபோது இழை வெட்டுகள் கூடின’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.