சிறிய மேசைக் கணினி: இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா?

கோலாலம்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். கையகல மேசைக் கணினியை இன்று வாங்கலாமா, இன்னும் சில மாதம் பொறுக்கலாமா என்று அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே ஒருசேரப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, செந்தூல்): ஐயா, எட்டாண்டுப் பழைய கணினி விண்டோஸ் 10-இல் ஓடுகிறது, விண்டோஸ் 11-ஐ ஏற்காது. நினைவகத்தின் (ரேம்) விலை ஏறிவிட்டது என்று கடையில் சொன்னார்கள். அது இறங்கும் வரை காத்திருக்கலாமா?

பதில்: அம்மா, விலை எப்போது இறங்கும் என்பதற்குத் தேதி கிடையாது, உங்கள் கணினிக்குத் தேதி உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. பதியவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். மாணவர்களின் மதிப்பெண்களும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் உள்ள ஒரு கணினியைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது, வாசற்கதவைத் தாழிடாமல் உறங்கப் போவதற்குச் சமம்.

விலையைப் பொறுத்தவரை கடைக்காரர் சொன்னது உண்மை. உலகின் நினைவகத்தில் பெரும்பகுதியைச் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உற்பத்தி செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் தேவையான நினைவகத்தில் ஆதாயம் மிகுதி என்பதால் அவை உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. வீட்டுக் கணினிகளுக்கான நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்து, 2025-இன் பிற்பகுதியில் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. புதிதாக ஓர் ஆலை எழுப்பி அதிலிருந்து சில்லு வெளிவர ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே, வரும் தீபாவளிக்குள் விலை இறங்கிவிடும் என்று எண்ணித் தேவையைத் தள்ளிப் போடாதீர்கள். 16 ஜிகாபைட் நினைவகமும் 512 ஜிகாபைட் எஸ்எஸ்டியும் (கோப்புகளைச் சேமிக்கும், சுழலாத சேமிப்பகம்) உள்ள ஒரு கணினி உங்கள் வேலைக்குத் தாராளம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு): எங்கள் ஊரிலேயே இத்தனை சில்லு ஆலைகள் இருக்கும்போது இங்கே மட்டும் விலை குறையக் கூடாதா?

பதில்: நியாயமான ஆதங்கம். இன்டெல் பினாங்குக்கு வந்தது 1972-இல்; மைக்ரானுக்கு இங்கே பத்து காவான் என்ற இடத்தில் ஆலை இருக்கிறது. ஆனால் சில்லு எங்கே பொருத்திச் சோதிக்கப்பட்டாலும், அதன் விலை உலகச் சந்தையில் டாலரில்தான் முடிவாகிறது. ரிங்கிட் வலுப்பெற்றால் நமக்குச் சற்று இளைப்பாறல் கிடைக்கும். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் கிடைக்காது.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், கோலாலம்பூர்): அண்ணா, லோ யாட் பிளாசாவில் அலுவலகங்களிலிருந்து வந்த பழைய சிறு கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒன்றில் இன்டெல்லின் ஐ5-6500டி செயலி, மற்றொன்றில் ஐ5-8500டி. விலை வித்தியாசம் அதிகமாக இருப்பதால் முதலாவதை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இந்த நான்கிலக்க எண்களில், கோடுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் செயலியின் தலைமுறை. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாப்ட் முறைப்படி ஆதரிப்பது, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறை முதல்தான். மலிவாக இருக்கிறதே என்று ஆறாம் தலைமுறையை எடுத்தால், ஆசிரியைக்கு வந்த அதே சிக்கல் உனக்கும் வரும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிப் பழகுவதுதான் நோக்கம் என்றால் மட்டும் அதை வாங்கு.

8500டியை வாங்குவதானால், மூடியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேள். பெரும்பாலும் பின்புறத்தில் ஒரே ஒரு திருகாணிதான் இருக்கும். அதைக் கழற்றி மூடியை முன்னோக்கித் தள்ளினால் வந்துவிடும். விசிறிக்குப் பக்கத்தில் சீப்புப் பற்களைப் போல நிற்கும் உலோகத் தகடுகளைப் பார். தூசி சாம்பல் நிறத்தில் கம்பளிபோல அடைத்திருந்தால், அந்தக் கணினி பல ஆண்டுகள் சூட்டில் வெந்தது என்று பொருள். (ஒரு வீட்டில் சாமி மேடைக்குக் கீழே வைத்திருந்த கணினியைத் திறந்தபோது, ஊதுவத்திப் புகையின் பசை தகடுகளில் படிந்து, தூரிகைக்குக்கூட அசையவில்லை.) நினைவகச் செருகுமிடம் இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் நல்லது. வீட்டில் உயிரிழந்த மடிக்கணினி ஏதும் கிடந்தால், அதிலுள்ள டிடிஆர்4 வகை நினைவகம் இதில் பொருந்தக்கூடும். இன்றைய விலையில் அது பெரிய சேமிப்பு. அடுத்த வகையான டிடிஆர்5 பொருந்தாது, வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், அழுத்திப் பார்க்காதே.

கேள்வி (திருமணக் காணொளி தொகுப்பவர், பிரிக்பீல்ட்ஸ்): ஆப்பிளின் சிறு கணினியான மேக் மினியை, எம்4 செயலியோடு வாங்க நினைக்கிறேன். அடுத்தது வரப்போகிறது, பொறுங்கள் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள்.

பதில்: மேக் மினியின் வரலாற்றைப் பாருங்கள். எம்1 வந்தது 2020 நவம்பரில். எம்2 வந்தது 2023 ஜனவரியில். எம்3 மினி வரவேயில்லை. எம்4 வந்தது 2024 நவம்பரில். இந்த இடைவெளிகளை வைத்து அடுத்ததன் மாதத்தை யாராலும் கணிக்க முடியாது. கையில் வேலை இருந்து, இப்போதைய கணினியால் அதை முடிக்க முடியாமல் இரவெல்லாம் காத்திருக்கிறீர்கள் என்றால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் வருமானத்திலிருந்துதான் போகிறது. வாங்கிவிடுங்கள். வேலை தடைபடவில்லை என்றால் மட்டும் நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

ஆனால் நினைவகத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அதன் நினைவகம் செயலியோடு சேர்ந்தே வருகிறது. பின்னால் ஒரு ஜிகாபைட்கூடச் சேர்க்க முடியாது. அடிப்படை 16 ஜிகாபைட். காணொளித் தொகுப்புக்கு 24 எடுங்கள். சேமிப்பிடத்துக்கு வெளியே ஓர் எஸ்எஸ்டியைச் செருகிச் சமாளிக்கலாம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மகளுக்கு 8 ஜிகாபைட் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட ஒரு சிறு கணினியை வாங்கிக் கொடுத்தேன்; இரண்டே ஆண்டுகளில் அது அவள் படிப்புக்குப் போதாமல் போனது, பழுது பார்ப்பவனாக இருந்தும் என்னால் அதில் எதையும் மாற்ற முடியவில்லை.

கேள்வி (கெப்போங்): வருமான வரி விலக்குக்காக டிசம்பருக்குள் வாங்குவது நல்லதா?

பதில்: இந்த ஆண்டு வாழ்க்கைமுறை விலக்கை எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புத்தகம், கைப்பேசி, கணினி, வீட்டு இணையக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 2,500 ரிங்கிட் வரைதான். இணையக் கட்டணத்திலும் புதுக் கைப்பேசியிலும் அந்த வரம்பு தீர்ந்திருந்தால், அவசரம் இல்லாத கணினியை ஜனவரியில் வாங்குவது ஆதாயம். தீராமல் இருந்தால் டிசம்பர் 31-க்குள் வாங்குங்கள். இது வரி விதிக்கப்படும் வருமானத்தைக் குறைப்பதே தவிர, 2,500 ரிங்கிட் கைக்குத் திரும்பி வருவதல்ல. 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு முழு விலக்கின் பயன் 275 ரிங்கிட். தொழிலுக்கென வாங்கும் கணினிக்கு இந்த விலக்கு இல்லை. ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): இடி மின்னலுக்குச் சிறு கணினி தாங்குமா?

பதில்: தாங்காது. மடிக்கணினியைப் போல இதில் மின்கலமும் இல்லை. பெரும்பாலானவை 65 அல்லது 90 வாட் அடாப்டரில் ஓடுவதால், சிறிய யுபிஎஸ் ஒன்றே போதும். மின்னல் இணையக் கம்பி வழியாகவும் வரும். பெருமழையில் மின்செருகியோடு அதையும் கழற்றி வையுங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்றவர், ஆயர் ஈத்தாம்): என் மேசைக் கணினி எட்டாம் தலைமுறை ஐ5. திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. புதிய சிறு கணினி ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: ஐயா, உள்ளே சுழலும் வன்தட்டு இருக்கிறதா என்று பாருங்கள், காதை அருகில் கொண்டு போனால் கரகரவென்று கேட்கும். இருந்தால், 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். உங்கள் செயலி விண்டோஸ் 11-க்குத் தகுதியானது என்பதால் அதையும் அப்போதே நிறுவிக்கொள்ளலாம். ஒரு பிற்பகல் வேலை. பழைய வன்தட்டைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வாருங்கள்; உங்கள் படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன.