வழக்கு முடியும் வரை வீரரை என்ன செய்வது? – கேள்வி பதில்

கைதாகி வழக்கைச் சந்திக்கும் வீரர்களை லீக்குகளும் வாரியங்களும் எப்படி நடத்த வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: தீர்ப்பு வரும் வரை எவரும் நிரபராதிதானே சார்? ஆடவிடாமல் தடுப்பதே தண்டனை ஆகாதா?

பதில்: நிரபராதிதான். ஆனால் நம் மத்திய அரசு ஊழியர் ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே பணியிடை நீக்கம் ஆகிவிடுகிறார். பிழைப்பூதியம் என்று சம்பளத்தில் ஒரு பகுதி வந்துகொண்டிருக்கும். அவர் குற்றவாளி என்று யாரும் சொல்லிவிடவில்லை. விளையாட்டிலும் அப்படி ஒரு நிலை வேண்டும்: களத்தில் இறங்கக் கூடாது, சம்பளமும் நிற்கக் கூடாது. சம்பளத்தில் கை வைத்தால்தான் அது தண்டனை.

கேள்வி: எந்த லீக்காவது அப்படிச் செய்கிறதா?

பதில்: ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் செய்கிறது. 2019 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தார்கள். 11 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு பதிவானால், வீரர் தானாகவே ஒதுக்கி வைக்கப்படுவார். முழுச் சம்பளம் உண்டு. அணியோடு பயிற்சியும் செய்யலாம். அதைவிடச் சிறிய வழக்கு என்றால் தலைமை நிர்வாகி முடிவெடுப்பார். இந்த விதியில் எனக்குப் பிடித்ததே, யார் சொல்வது உண்மை என்று லீக் விசாரிக்கப் போவதில்லை என்பதுதான். அது நீதிமன்றத்தின் வேலை.

கேள்வி: அந்த விதியால் ரக்பி வீரர் ஜாக் டி பெலினுக்கு இரண்டு சீசன் போனதே? யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

பதில்: யாராலும் முடியாது. இந்தக் கேள்விதான் என்னை மிகவும் உறுத்துகிறது. அவர்மீது 2018 டிசம்பரில் பாலியல் வன்கொடுமை வழக்குப் பதிவானது. விதியை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றம் போனார், தோற்றார். இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிகள் முழுமையாக ஒரு முடிவுக்கு வரவில்லை. 2021 மே மாதம் மிச்சக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. ஜூனில்தான் திரும்ப ஆடினார். ரக்பி வீரரின் ஆட்டக் காலமே பத்துப் பன்னிரண்டு வருடம் என்றால், போனது எவ்வளவு என்று பாருங்கள். இழந்த காலத்துக்கு ஈடாக ஒப்பந்தத்தையாவது நீட்டித்துத் தர வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் விதி வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. புகார் கொடுத்தவரையும் நினைக்கிறேன்.

கேள்வி: ஜாமீன் கிடைத்துவிட்டால் ஆடலாம்தானே?

பதில்: கூடாது. நேபாளக் கிரிக்கெட் வீரர் சந்தீப் லமிச்சானேவை அப்படித்தான் ஆடவிட்டார்கள். 2022-ல் பாலியல் வன்கொடுமைப் புகார், வாரியம் இடைநீக்கம் செய்தது. 2023 ஜனவரியில் ஜாமீன், பிப்ரவரியில் தடையை நீக்கி ஆடவிட்டார்கள். ஸ்காட்லாந்து வீரர்கள் கைகுலுக்க மறுத்தார்கள். 2024 ஜனவரியில் எட்டாண்டு சிறைத்தண்டனை, மறுபடி இடைநீக்கம். மே மாதம் படான் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, மறுபடி அணியில். ஜாமீன் என்பது தப்பி ஓடமாட்டார், சாட்சியைக் கலைக்கமாட்டார் என்ற நம்பிக்கை, அவ்வளவுதான்.

கேள்வி: கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக விஷயத்தில் இலங்கை வாரியம் செய்தது சரியா?

பதில்: சரி என்றே நினைக்கிறேன். 2022 நவம்பரில் உலகக் கோப்பைக்குப் போன இடத்தில், பாலியல் வன்கொடுமைப் புகாரில் சிட்னியில் கைதானார். உடனே இடைநீக்கம். 2023 செப்டம்பரில் விடுதலையானார், அடுத்த மாதமே தடை நீங்கியது. இழுத்தடிக்கவில்லை.

கேள்வி: விடுதலையான பிறகும் வாரியம் தனியாகத் தண்டிக்கலாமா?

பதில்: நடத்தை விதிக்காகத் தண்டிக்கலாம், அளவோடு. பிரிஸ்டல் தெருச் சண்டை வழக்கில் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் 2018 ஆகஸ்டில் விடுதலையானார். பிறகு எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் வந்தன. ஏற்கெனவே தவறவிட்ட ஆட்டங்களைத் தடையில் கழித்துவிட்டார்கள். இந்திய வீரர் ஸ்ரீசாந்தின் ஐபிஎல் சூதாட்ட வழக்கு நேர்மாறு. 2015-ல் நீதிமன்றம் விடுவித்தும் ஆயுள் தடை நீடித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது ஏழு ஆண்டாகக் குறைந்தது.

கேள்வி: நட்சத்திர வீரர் என்றால் எந்த வாரியம் இதையெல்லாம் செய்யும்?

பதில்: கைதான அன்று யோசிக்க ஆரம்பித்தால் செய்யாது. அதே ஸ்டோக்ஸ்மேல் 2018 ஜனவரியில் வழக்குப் பதிவானது, பிப்ரவரியில் நியூசிலாந்தில் ஆடினார். அதனால்தான் விதியை முன்கூட்டியே எழுதி, வீரர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்கிறேன்.